கோடிங் தெரியாதவங்களும் எழுத வேண்டிய கையேடு

1/ ஓபன் சோர்ஸ்னு சொன்னாலே "அது கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாச்சாரம்"னு ஒதுங்கிடறோம். என் கருத்து வேற. மென்பொருளை அவங்க எழுதட்டும். அதோட கையேட்டில் நம்ம கையும் படணும்.

2/ எனக்கு நெருக்கமான துறையிலிருந்தே உதாரணம்: ஓபன்எம்ஆர்எஸ். நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளுக்கான மென்பொருள். 2004ல் தொடங்கியது. கென்யாவின் எல்டோரெட்டில் எச்ஐவி சிகிச்சைக்கு வருபவர்கள் கூடிக்கொண்டே போக, பழைய பதிவு முறை தாங்கவில்லை. அந்தத் தேவையில் பிறந்தது இது.

3/ அதன் மேல் கட்டப்பட்டது பாம்னி. சத்தீஸ்கரில், பிலாஸ்பூர் பக்கத்தில் கனியாரி என்ற ஊரில் ஏழை மக்களுக்கான மருத்துவமனையில் வளர்ந்தது. இரண்டையும் யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

4/ காசு கிடையாது, சரி. சொல்லித்தர ஆள்? சின்ன மருத்துவமனைக்கு கையேடுதாங்க வாத்தியார். மருந்து அலர்ஜியை எந்த இடத்தில் பதியணும்னு அதில் தெளிவா இல்லைன்னா, நைட் டூட்டி நர்ஸ் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைப்பாங்க. காலையில் வரும் டாக்டர் திரையைத்தான் பார்ப்பார். அதே மருந்தை எழுதிடலாம். ஒரு வரி விடுபட்டதுக்கு விலை இவ்வளவு.

5/ அந்த வரி விடுபட்டது மென்பொருள் செய்தவருக்குத் தெரியாது. அவருக்கு எல்லாம் மனப்பாடம். எங்கே தடுக்குதுன்னு புதுசா பயன்படுத்துறவருக்குத்தான் தெரியும். கேஸ் ஷீட்டும் அப்படித்தானே? எழுதினவர் வீட்டுக்குப் போனபிறகு வர்றவருக்குப் புரியணும்.

6/ எப்படி ஆரம்பிக்கலாம்?
✅ தடுக்கின இடத்தை அன்றைக்கே குறிச்சு வைங்க
✅ எந்தப் பதிப்புன்னு எழுதுங்க
✅ நீங்களே செய்து பார்த்த படிகளை மட்டும் வரிசையா எழுதுங்க
❌ உண்மையான நோயாளியின் பெயர், எண் தெரியும் திரைப்படம் வேண்டவே வேண்டாம்

7/ "என் இங்கிலீஷ் சுமார்தான், தப்பாயிடுமோ?" பயப்படாதீங்க. இது பலர் கூடி எழுதுறது. மத்தவங்க திருத்துவாங்க. யார், எப்போ, என்ன மாத்தினாங்கன்னு பதிவு இருக்கும். தவறுன்னா பழையபடி கொண்டு வந்திடலாம்.

8/ நர்ஸ், லேப் டெக்னீசியன், பார்மசிஸ்ட், ஆசிரியர், கடைக்காரர் யாரா இருந்தாலும் சரி, நீங்க பயன்படுத்தும் இலவச மென்பொருளின் கையேட்டில் இந்த வாரம் ஒரே ஒரு வரியைத் திருத்துங்க. முகம் தெரியாத யாரோ ஒருத்தரின் ராத்திரி டூட்டி அதனால லேசாகும்.