விண்ணப்பம் போகாததற்குப் பெற்றோரா காரணம்?

ஒன்லைன் விண்ணப்பம் திரும்பி வந்தால் "உங்களுக்குப் போன் பாவிக்கத் தெரியாது" என்று பெற்றோரைக் குறை சொல்வதை இனியாவது நிறுத்துவோம்.

போனில் எடுத்த ஒரு சான்றிதழ்ப் படமே 3, 4 எம்பி வரும். என்ஜின்எக்ஸ் சேர்வரின் அமைப்பை மாற்றாமல் விட்டால் அது ஏற்பது 1 எம்பி மட்டுமே. மிஞ்சினால் 413 என்று திருப்பிவிடும். சிலவேளை அதுவும் தெரியாமல் இணைப்பே அறுந்துவிடும். நாமோ சிக்னலைத் திட்டுகிறோம்.

பிஎச்பியில் இன்னும் மோசம். அங்கு வழமையான எல்லை 8 எம்பி. தாண்டினால் நிரப்பிய விபரம் அத்தனையும் வெறுமையாகிவிடும். பிறகு தளம் "பெயரை நிரப்புக" என்கிறது, நிரப்பியவரிடமே!

எல்லை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லை இல்லாவிட்டால் யாரும் சேர்வரை நிரப்பி முடக்கலாம். அதை மறைத்து வைப்பதுதான் அநியாயம்.

தளம் நடத்துவோரிடம் மூன்றைக் கேட்போம்: சேர்வரிலும் பிஎச்பியிலும் எல்லையை ஒருசேர உயர்த்துங்கள், ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றது தடுக்கும். எத்தனை எம்பி என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். 413 வந்தால் "படம் பெரிது, சிறிதாக்கி அனுப்புங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள்.

முடிவுத் திகதி தாண்டினால் இழப்பது தளம் அல்ல, நம் பிள்ளை.