‘பதிவுபெற்ற’ என்ற ஒரு சொல்

2025-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கூடவே உள்துறை அமைச்சகத்தின் விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்த, ‘பதிவுபெற்ற’ இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா நிபந்தனைகள் பொருந்தாது என்கிறது அந்த ஆணை. அகதி முகாம் வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர்களான நாம் இதை வரவேற்கலாமா?

வரவேற்கலாம். ஆவணமின்றி நுழைந்தவருக்கு ஐந்தாண்டுச் சிறை, ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் வரை போகிறது புதிய சட்டம். அந்தப் பிரிவு முப்பது நாற்பது ஆண்டுகளாக இங்கே வாழ்கிற நம் கட்சிக்காரர்கள் மேல் பாயாது என்பது சிறிய நிம்மதி அல்ல. ஆனால் இது குடியுரிமை அல்ல. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் நம் கட்சிக்காரர்களுக்குத் திறக்காத கதவு மூடியபடியே இருக்கிறது. 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி அரிச்சல்முனையில் வந்து இறங்கியவர்களுக்கு இந்த ஆணையில் இடமே இல்லை. முகாமில் 2016-இல் பிறந்த குழந்தை எந்தத் தேதியில் ‘தஞ்சமடைந்தது’ என்பதற்கும் ஆணையில் விடை இல்லை. இவற்றையெல்லாம் வழக்காடித்தான் தீர்க்க வேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. ‘பதிவுபெற்ற’ என்ற அந்த ஒரு சொல். அதே ஆணையில் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் சிறுபான்மையினருக்கான பத்தியைப் படியுங்கள். அவர்களுக்கான கடைசி நாள் 2024 டிசம்பர் 31. பதிவு பற்றிய பேச்சே அங்கே கிடையாது. நம்மவர்களுக்குத் தேதியும் பத்தாண்டு முந்தியது, பதிவும் வேண்டும்.

பதிவு எங்கே இருக்கிறது? முகாம்வாசி என்றால் வருவாய்த் துறையின் பதிவேட்டில். முகாமுக்கு வெளியே தங்குகிற வெளிப்பதிவு என்றால் காவல் நிலையத்தில். முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் நாளில் ஆள் இல்லையென்றால் அந்தப் பெயருக்கு என்ன நேரும் என்பது உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தில் பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போன ஒருவர் இரண்டு செக்கிங்கைத் தவறவிட்டார். திரும்பி வந்தபோது பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. நீக்கிய ஆணையின் நகலைத் தாருங்கள் என்று அவருக்காக நான் போய்க் கேட்டேன். ஆணை என்று எதுவும் இல்லை, பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நோட்டீஸ் இல்லை, விளக்கம் கேட்கவில்லை, தேதிகூட இல்லை. ஆணையே இல்லாதபோது எதை ரத்துசெய்யக் கோரி ரிட் போடுவது?

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அதன் 3-ஆம் பிரிவு குடிமக்களைப் பற்றித்தான் பேசுகிறது. தன் பெயர் ஏன் அடிக்கப்பட்டது என்று கேட்க அகதிக்கு உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. குடிமகன் என்ற முறையில் நானே மனுப் போட்டேன். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே)-ஐக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவர் கேட்டால் அந்நியர், நான் கேட்டால் மூன்றாம் நபர். பிறகு யார்தான் கேட்பது?

இதுவரை அந்தக் கோட்டால் போனது பணக்கொடையும் ரேஷனும். வயிற்றில் அடிக்கிற காரியம்தான், ஆனாலும் குற்ற வழக்கு அல்ல. இனிமேல் அதே கோடு, விலக்கு பெற்றவருக்கும் சிறைக்குரியவருக்கும் நடுவில் நிற்கும். மெய்ப்பிக்கும் சுமையைப் பழைய 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம்போலவே புதிய சட்டமும் வெளிநாட்டவர்மேல்தான் வைத்திருக்கிறது. சுமை நம் கட்சிக்காரர் தலையில். சான்று அவர்கள் அலமாரியில். 2021-இல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். நல்ல காரியம். பெயரை நீக்கினால் எழுத்தில் ஆணை தரவேண்டும் என்று ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்ப அதைவிடவா அதிகம் செலவாகும்? இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. டெல்லியைக் கேட்டால் மாநிலத்தின் பதிவேடு என்பார்கள்; சென்னையைக் கேட்டால் வெளிநாட்டவர் விவகாரம் ஒன்றிய அரசுடையது என்பார்கள்.

ஆகவே நம் வாதம் இப்படி அமைய வேண்டும்: பதிவு என்பது ஒருமுறை நடந்து முடிந்த நிகழ்ச்சி. மண்டபம் முகாமில் வந்து இறங்கிய அன்று பதிந்தவர் பதிவுபெற்றவர்தான். பிற்பாடு அடித்த கோடு உதவியை நிறுத்தலாம். நடந்த பதிவை நடக்காததாக்க முடியாது. முதல் வழக்கிலேயே இதை எழுப்பிவிடுங்கள். ‘பதிவுபெற்ற’ என்பதற்கு மறுதரப்பு தரும் பொருள் ஒரு தீர்ப்பில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம்.

சட்ட உதவி மறுக்கப்பட்டால் விடாதீர்கள். அரசமைப்பின் 39ஏ ‘குடிமகன்’ என்கிறது; சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவோ ‘ஒவ்வொரு நபரும்’ என்கிறது. இன வன்முறைக்கு ஆளானவர்களை 12(இ) பெயர் சொல்லியே சேர்க்கிறது. 1983-க்குப் பின் படகேறியவரைவிட அந்தச் சொல்லுக்குப் பொருத்தமானவர் யார்? வருமானச் சான்றிதழ் கேட்டு அலைக்கழித்தால் இந்த உட்பிரிவை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பெண்களுக்கு 12(சி) போதும்.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த செக்கிங் நாளில் ஒவ்வொரு முகாமுக்கும் பேனல் வழக்கறிஞரோ தன்னார்வலரோ ஒருவர் போக வேண்டும். குடும்பத்துக்கு ஒரு மனு: பதிவேட்டில் எங்கள் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 75-ஆம் பிரிவைச் சுட்டி. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். நகல் தரமாட்டார்கள் என்பதே என் அனுபவம். மறுத்தால் மறுப்பாவது தேதியோடு நம் கையில் இருக்கும். ரிட் போட அது போதும்.