அதிமானுட நாயகர் பொம்மைகளும் அவற்றின் திறனாய்வும்: ஒரு மறுப்பு

திறனாய்வு என்னும் சொல்லுக்கு நேர்ந்துள்ள கதியை அறிய விரும்புவோர் இலக்கியச் சஞ்சிகைகளைப் புரட்டவேண்டியதில்லை. அமெரிக்க அதிமானுட நாயகர் திரைப்படங்களை ஒட்டி வெளிவரும் பொம்மைகளைப் பற்றிய மதிப்புரைகளை நோக்குதல் போதும். ஸ்பைடர் மேன், அயன் மேன், கப்டன் அமெரிக்கா முதலியோரின் ஆறு அங்குலப் பிளாஸ்திக்கு உருவங்களை வளர்ந்தோர் வாங்கிச் சேகரிப்பதும், சேகரித்தவற்றைத் தரம்பிரித்து உரைப்பதும் இன்று ஒரு துறையாகவே வளர்ந்துள்ளன. 1997 முதல் 2011 வரை அமெரிக்காவில் வெளிவந்த ‘டொய்ஃபெயர்’ போன்ற சஞ்சிகைகள் இத்துறைக்கு விலைப்பட்டியலையும் பரிபாஷையையும் வகுத்தளித்தன. இன்று காணொளி வாயிலாக அது பல்கிப் பெருகியுள்ளது.

இம்மதிப்புரைகளுக்கென ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலிற் பெட்டி வருணிக்கப்படும். அதன் முகப்போவியமும், பின்புறத்தில் அதே தொகுதியைச் சேர்ந்த ஏனைய பொம்மைகளின் படங்களும் காட்டப்படும். பின்னர் பொம்மை வெளியே வரும். உயரம் அளக்கப்படும். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என மூட்டுகள் எண்ணப்படும். முழங்கை ஒற்றை மூட்டால் மடங்குகின்றதா, இரட்டை மூட்டால் மடங்குகின்றதா என்பது தனியே ஆராயப்படும். மாற்றிப் பொருத்தும் கைகள், கேடயம், சம்மட்டி முதலிய துணைப்பொருள்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கப்படும். ஈற்றில் முகம். நடிகரின் படமொன்று அருகில் வைக்கப்பட்டு உருவொப்புமை பற்றித் தீர்ப்பு வழங்கப்படும். பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது எனப் புள்ளியும் இடப்படும்.

இவ்வுழைப்பை எள்ளி நகையாடுதல் முறையன்று. தேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் தோள்மூட்டு ஒன்றைக் கொண்டே அப்பொம்மை எக்காலத்தது, எக்கம்பனியின் வார்ப்பு என்பதைச் சொல்லிவிடுவார். உருவத்தைக் கூர்ந்து நோக்கும் அத்திறன் உண்மையானதே. எமது கலை விமர்சகர் பலரிடம் அதில் ஒரு பங்குதானும் இல்லை என்பதும் கூறத்தக்கது. ஆயின் இத்திறன் எந்த அளவுகோலுக்குப் பணிபுரிகின்றது என்பதே வினா. அவ்வளவுகோல் ஒன்றேயொன்று: பொம்மை திரைப்படத்தை எவ்வளவு ஒத்திருக்கின்றது? திரைப்படம் மூலம், பொம்மை நகல் என்னும் எடுகோளின் மேலேயே மதிப்புரைக் கட்டடம் முழுவதும் எழுப்பப்பட்டுள்ளது. அவ்வெடுகோள் பொய்யானது.

அதன் வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். 1984 இல் கென்னர் கம்பனி டி.சி. நாயகர்களைப் பொம்மையாக்கி விற்கத் தொடங்கியது. போட்டிக்கு மார்வெல் நாயகர்களைப் பெற்ற மட்டெல் கம்பனி, பொம்மைகளோடு சேர்ந்து வெளிவரத் தக்க பெருங்கதை ஒன்றையும் வேண்டியது. அவ்வாறு தோன்றியதே ‘சீக்ரெட் வோர்ஸ்’ என்னும் பன்னிரண்டு இதழ்ச் சித்திரக்கதை. சிறுவர்க்குக் கவர்ச்சியான சொற்கள் எவை என மட்டெல் ஆராய்ந்து கண்டதன் பயனாகவே அத்தலைப்பு அமைந்தது என்பதை அதனை எழுதிய ஜிம் ஷூட்டர் பின்னர் விளக்கியுள்ளார். பொம்மைக்காகக் கதை பிறந்தது. பிறந்த கதையின் பாத்திரங்களைப் பொம்மை ‘ஒத்திருக்கின்றது’ எனப் பாராட்டுவது, தையற்காரர் தாம் தைத்த சட்டை தம் அளவுநாடாவுக்குப் பொருந்துகின்றது எனப் புகழ்ந்துகொள்வதற்கு ஒப்பாகும்.

அது சித்திரக்கதையின் காலம், திரைப்படத்தின் கதை வேறு எனச் சிலர் வாதிடக்கூடும். வேறன்று. 1996 டிசெம்பரில் மார்வெல் நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது. 1998 இல் அதனைக் கைக்கொண்டது டொய் பிஸ் என்னும் பொம்மைக் கம்பனியே. மார்வெல்லின் தனிப் படத் தயாரிப்பு 2008 இல் ‘அயன் மேன்’ திரைப்படத்துடன் அரங்கேறியது. முதலில் எந்நாயகனைத் திரைக்குக் கொண்டுவருவது என்பதை முடிவுசெய்யச் சிறுவர்களை ஒன்றுகூட்டி, எவனுடைய பொம்மையோடு விளையாட விரும்புவீர்கள் என வினவினர் என்று பென் ஃபிரிட்ஸ் என்னும் பத்திரிகையாளர் 2018 இல் வெளிவந்த தமது நூலிற் குறிப்பிட்டுள்ளார். அடுத்த ஆண்டில், 2009 இல், ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு மார்வெல்லை வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது.

இதனினும் துலக்கமான சான்று 2013 இல் வெளிவந்த ‘அயன் மேன் 3’. அதன் நெறியாளர் ஷேன் பிளக் 2016 இற் கூறியது பரவலாக அறியப்பட்டதே. ஆரம்பப் பிரதியில் முதன்மை எதிரி ஒரு பெண். பெண்பாத்திரத்தின் பொம்மை அவ்வளவு விற்பனையாகாது என்னும் காரணத்தால், எழுதி முடித்த பிரதியை மாற்றும்படி மேலிடத்திலிருந்து பணிப்பு வந்தது. ரெபெக்கா ஹோல் நடித்த விஞ்ஞானியின் பாத்திரம் சுருங்கியது. கை பியர்ஸ் நடித்த ஆண் பாத்திரம் எதிரியாக எழுந்தது. இங்கு நகல் எது? மூலம் எது? ஒரு பெண்ணின் கதையைப் பொம்மையின் விற்பனைக் கணக்கு விழுங்கியிருக்க, அப்படத்தின் இரும்புக் கவசப் பொம்மைகளின் செவ்வண்ணம் திரையிற் கண்டதை விடச் சற்று மங்கலாயுள்ளது எனக் குறைகூறுவோரை விமர்சகர் என்பதா?

இரண்டாண்டு கழித்து இதன் மறுபக்கமும் நிகழ்ந்தது. 2015 இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஒஃப் அல்ட்ரோன்’ படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளிற் பாய்பவள் ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடித்த பிளக் விடோ. அக்காட்சியைப் பொம்மையாக்கியபோது மோட்டார் சைக்கிளில் அமர்த்தப்பட்டவனோ கப்டன் அமெரிக்கா. அப்படத்தில் நடித்த மார்க் ரஃபலோவே தம் மகள்மாருக்கும் மருமகள்மாருக்கும் பிளக் விடோ பொருள்கள் வேண்டும் எனப் பகிரங்கமாகக் கேட்கும் நிலை ஏற்பட்டது. உருவொப்புமையை உயிராகப் போற்றும் மரபு இதனைத் தன் முதற் குற்றச்சாட்டாகக் கொண்டிருத்தல் வேண்டும். எதிர்ப்புக் குரல் எழுந்தது உண்மை. எனினும் அது பெரும்பாலும் மதிப்புரைக்கு வெளியே, பெற்றோரிடமிருந்தும் பெண் இரசிகர்களிடமிருந்தும் எழுந்தது. புள்ளியிடும் பட்டியலில் ‘காட்சியில் இருந்தவள் எங்கே’ என்றொரு நிரல் அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1964 இல் ஹஸ்புரோ கம்பனி ‘ஜி. ஐ. ஜோ’ என்னும் போர்வீரன் உருவை வெளியிட்டபோது, ஆண்பிள்ளைகள் பாவையோடு விளையாடார் எனக் கருதி, ‘டோல்’ என்னும் சொல்லை விலக்கி ‘அக்ஷன் ஃபிகர்’ என்னும் பெயரைப் புனைந்தது. சேகரிப்பாளர் இன்றும் பாவை என்னும் சொல்லைக் கேட்டாற் சினங்கொள்வர். ஆயின் சுங்கப் பட்டியல் அப்பெயருக்கு மயங்கவில்லை. ஜி. ஐ. ஜோ உருவங்கள் பாவைகளே என 1989 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. மனிதரைக் குறிப்பது பாவை. மனிதரல்லாதவற்றைக் குறிப்பது வெறும் விளையாட்டுப் பொருள். அக்காலத் தீர்வை பாவைக்கு நூற்றுக்கு 12, விளையாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு 6.8.

இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு டொய் பிஸ் கம்பனி நீதிமன்றம் சென்றது. எக்ஸ்-மென் நாயகர் மனிதர் அல்லர் என்பதே அதன் வாதம். ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் 1963 இல் உருவாக்கிய எக்ஸ்-மென் கதையின் கரு யாதெனில், பிறப்பால் வேறுபட்ட காரணத்தாற் சமூகத்தால் வெறுக்கப்படுவோர் தாமும் மனிதரே என நிலைநாட்டப் போராடுவதாகும். 2000 இல் வந்த முதற்படம் நாற்சி வதைமுகாமின் வாயிலிலேயே தொடங்குகின்றது. அக்கதையை விற்றுப் பிழைத்த நிறுவனமே, 5.2 வீதத் தீர்வையை மிச்சம்பிடிக்க, இவர்கள் மனிதரல்லர் என வாதாடிற்று. 2003 ஜனவரியில் அனைத்துலக வர்த்தக நீதிமன்றத்தில் நீதிபதி ஜூடித் பார்சிலே வழங்கிய தீர்ப்பில் வென்றும்விட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் இரண்டாவது எக்ஸ்-மென் படம் திரைக்கு வந்தது. ஒரு கலைப்படைப்பின் பொருளை அதன் உடைமையாளரே இவ்வளவு வெளிப்படையாக மறுதலித்த சந்தர்ப்பம் வேறொன்றைக் காட்டுதல் அரிது. ஆயினும் வுல்வரீன் பொம்மைபற்றிய மதிப்புரைகள் ஓயாது ஆராய்வது, அவன் கைநகங்கள் வளைந்துள்ளனவா நேராக உள்ளனவா என்பதையே.

சேகரிப்பை நியாயப்படுத்துவோர் வால்டர் பெஞ்சமினைத் துணைக்கழைப்பதுண்டு. பொருளைப் பயன்பாட்டின் தளையிலிருந்து விடுவிப்பவன் சேகரிப்பாளன் என்னும் கருத்தை அவரிடமிருந்து பெற்று, அதனைத் தமது கண்ணாடி அலுமாரிக்கு உரித்தாக்குவர். 1931 இல் தம் நூற்சேகரம் பற்றி எழுதிய பெஞ்சமின் ஏலங்களிலும் பழம்புத்தகக் கடைகளிலும் தாமே தேடிக் கண்டவற்றைப் பற்றியன்றோ எழுதினார்! எதைத் தேடுவது என்பதை அவருக்கு எவரும் பட்டியலிட்டுக் கொடுக்கவில்லை. இங்கோ பட்டியல் பெட்டியின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டு வருகின்றது. 2005 இல் டொய் பிஸ் தனது ‘மார்வெல் லெஜென்ட்ஸ்’ வரிசையிற் புகுத்திய உபாயம் இதற்குச் சிகரம். ஒவ்வொரு பொம்மையோடும் வேறொரு பெரும்பொம்மையின் ஒரு கையோ, காலோ, தலையோ வைக்கப்பட்டது. தொகுதி முழுவதையும் வாங்கியவர்க்கே அப்பெரும்பொம்மை முழுமையுறும். முதலில் அவ்வாறு துண்டாடி விற்கப்பட்டவன் கலக்டஸ். கதையில் அவன் கோள்களை விழுங்கியும் பசி தீராதவன். கம்பனியாருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என எவரும் சொல்லவியலாது. பின்னர் உரிமம் பெற்ற ஹஸ்புரோவும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தது. வேண்டாத பொம்மையை அதன் பெட்டியிலுள்ள ஒரு காலுக்காக வாங்குபவரைப் பயன்பாட்டிலிருந்து பொருளை விடுவித்தவர் எனல் பொருந்துமா?

பெட்டியைத் திறவாமலே வைத்திருப்போரின் நிலை இன்னும் விந்தையானது. அவர்க்கெனத் தரச்சான்று வழங்கும் நிறுவனங்கள் உள. அவை பெட்டியின் மூலை மடிந்துள்ளதா, ஒளிபுகும் மூடி மஞ்சளித்துள்ளதா எனப் பரிசோதித்து, நூற்றுக்கு இத்தனை எனக் குறித்து, கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பேழைக்குள் முத்திரையிட்டு அனுப்புகின்றன. மார்க்ஸ் 1867 இல் பண்டத்தின் மாயப்பண்பு பற்றி எழுதியபோது உவமை தேடி மதவுலகின் மூடுபனிக்குட் செல்லவேண்டியிருந்தது. இன்றாயின் ஓர் அலுமாரியைச் சுட்டியிருத்தல் கூடும்.

திறனாய்வாளரின் கண்டிப்பினாலேயே பொம்மைகளின் தரம் உயர்ந்தது என்பர். உயர்ந்தது உண்மை. 2000 இல் தோன்றிய ஹொங்கொங்கின் ஹொட் டொய்ஸ் நிறுவனம் செய்யும், ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமான உருவங்களின் முகத்தில் தோலின் நுண்துளைகளையும் காணலாம். நூற்றுக்கணக்கான டொலர் விலையுள்ள அவற்றுட் சிலவற்றின் கண்மணிகளையும் அசைக்கலாம். ஆனால் அத்தரம் எவர் கையால் உயர்ந்தது? இவ்வினாவைக் கேட்ட உடனேயே மதிப்புரையின் பெருமௌனம் புலனாகின்றது.

இப்பொம்மைகளின் தலையை அச்சுத்தாங்கியிற் பொருத்தி, மை தோய்ந்த சிலிக்கன் மெத்தையை அழுத்திக் கண் பதிப்பிப்பவர் ஒரு தொழிலாளி. மறைப்பு அச்சை முகத்தின்மேல் வைத்து வர்ணம் விசிறுபவரும், தூரிகையால் மயிரோரம் தீட்டுபவரும் தொழிலாளரே. அவர்களுள் மிகப் பலர் கிராமங்களிலிருந்து நகரம் வந்த இளம்பெண்கள். 1993 மே 10 இல் தாய்லாந்தின் நக்கோன் பத்தோம் மாகாணத்திலுள்ள கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 188 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் பெண்கள். வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன, தீக்காப்பு இடப்படாத இரும்புத் தூண்கள் விரைவிற் சரிந்தன. அதே ஆண்டு நவம்பரிற் சீனாவின் ஷென்ஜென் நகரத்துப் பொம்மைத் தொழிற்சாலை ஒன்றில் எண்பதுக்கு மேற்பட்டோர் எரிந்து மாண்டனர். இவ்விரு தொழிற்சாலைகளும் அதிமானுட நாயகர் பொம்மைகளைச் செய்தன எனக் கூறுவதற்கில்லை. கேடரில் பெருமளவிற் செய்யப்பட்டவை பஞ்சடைத்த பொம்மைகளும் பிளாஸ்திக்குப் பாவைகளுமே. ஆயின் தொழில் ஒன்றே; சந்தையும் ஒன்றே; உழைப்போர் வகுப்பும் ஒன்றே.

மதிப்புரைகளில் இவ்வுழைப்பாளர் ஒருபோதும் இடம்பெறுவதில்லை எனல் தவறாகும். ஓரிடத்தில் இடம்பெறுகின்றனர். ‘இடது கண்மணி சற்று விலகியுள்ளது’, ‘உதட்டு வர்ணம் வழிந்துள்ளது’ என்று எழுதி அரைப் புள்ளி குறைக்கும் இடமே அது. ஆயிரக்கணக்கான தலைகளை ஒருநாளில் அச்சில் வைத்தெடுக்கும் கை ஒரு கணம் அசைந்ததன் சுவடு அவ்விலகல். 2010களின் பிற்பகுதியில் ஹஸ்புரோ முகங்களை இலக்கமுறை இயந்திரத்தால் அச்சிடத் தொடங்கியபோது, மதிப்புரையாளர் அதனைப் பெரும் முன்னேற்றமென வரவேற்றனர். கோணற் கண்களின் காலம் ஒழிந்தது என மகிழ்ந்தனர். முன்னைய பொம்மையையும் புதியதையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிட்டனர். பெட்டியின் முகப்பு, பக்கம், பின்புறம் அனைத்தையும் வருணிக்கும் அவர்கள், செய்யப்பட்ட நாட்டின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டுவது அரிது. நெடுங்காலம் அங்கே சீனா என்றிருந்தது. அண்மைக் காலப் பெட்டிகள் பலவற்றில் வியட்நாம் என்றிருக்கின்றது.