ராத்திரி டூட்டி ஒரு ஊருக்கு மட்டும்தானா?

இரவு மணி 10 அடித்தால் பாரிமுனையில் ஷட்டர்கள் இறங்கி இருக்கும். கடைக்காரர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனி மாடிகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அங்கே வேலை பார்க்கும் பலருக்கு மேலதிகாரி அமெரிக்காவில். அவரைக் கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பதோடு சரி!

அங்கே பகல், இங்கே இரவு

சான்பிரான்சிஸ்கோவில் காலை 10 மணி என்றால் சென்னையில் இரவு 10.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை 1 மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அப்புறம் மார்ச் மாதம் வரை இங்கே இரவு 11.30! முள்ளைத் திருப்புவது அங்கே. தூக்கம் கெடுவது இங்கே.

"பணம் கொடுக்கிறவர் சொல்கிற நேரம்தானே?" என்று கேட்கலாம். சரிதான். ஆனால் நஷ்டம் அவருக்கும் உண்டு.

"சரி சார்"

பாதித் தூக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார். "சரி சார்" என்று சொல்லி முடித்துவிடுவார். நம் ஊரில் "சரி" என்றால் 'நீங்க சொன்னது காதில் விழுந்தது' என்றும் அர்த்தம் உண்டு. பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள். அங்கே இருப்பவரோ, வேலை முடிந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்.

தேதியிலும் வம்பு. 5/6 என்று எழுதினால் இங்கே ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. ஒரு மாசம் கோவிந்தா!

செவ்வாய்க்குப் போன கலம்

இதெல்லாம் சின்ன விஷயமா? ஒரே நாட்டுக்குள், ஒரே பாஷை பேசுகிறவர்களே கோட்டை விட்டிருக்கிறார்கள். 1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா, செவ்வாய் கிரகத்துக்கு ஒரு விண்கலம் அனுப்பியது. கலத்தைச் செய்த கம்பெனி ஆட்கள் கொலராடோவில். வழிநடத்திய நாசா ஆட்கள் கலிபோர்னியாவில். அவர்கள் பவுண்டு அளவில் கணக்குக் கொடுத்தார்கள். இவர்கள் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். 1999 செப்டம்பர் 23-ந் தேதி கலம் தொலைந்தது. கணக்கு இடிக்கிறது என்று சிலர் முன்னாடியே கவனித்தும், அது சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

பக்கத்து மேஜை என்றால் எழுந்து போய் "என்னய்யா இது?" என்று கேட்டிருப்பார்கள். தூரத்தில் இருப்பவரிடம் அப்படிக் கேட்க முடியாது. கேட்பதற்கு ஒரு வழி செய்து வைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

செலவு அதிகம் இல்லை. ஒரு வாரம் இங்கே ராத்திரி கூட்டம் என்றால், மறுவாரம் அவர்கள் ராத்திரியில் உட்காரட்டும். பேசியதை அன்றைக்கே எழுதி இரண்டு பக்கமும் படிக்கட்டும். மாதத்தை எழுத்தில் எழுதட்டும். அளவைக் குறிப்பிடட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். "என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

வேலையைப் பங்கு போட்டவர்கள் ராத்திரியையும் பங்கு போட வேண்டும். சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் அதுதான் நியாயம்!