பாட்டு எங்கே போச்சு?

பாட்டுப் பதிவு செய்ய இப்போது ஸ்டூடியோவுக்குப் போக வேண்டியது இல்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும். ஒரு மைக் வேண்டும். மின்சார விசிறியை நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டு நாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான்!

பையன் பாடுகிறான். தங்கை வீணை வாசிக்கிறாள். பாட்டி, தனக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடிக் காட்டுகிறாள். எல்லாம் பதிவு ஆகிறது. "சேவ்" பொத்தானை அழுத்துகிறார்கள். நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கிறார்கள். கோடுகள் இருக்கின்றன. பெயர்கள் இருக்கின்றன. சத்தம் மட்டும் இல்லை!

இது யார் குற்றம்?

"கம்ப்யூட்டர் தெரியாதவர்களின் குற்றம்" என்று கெட்டிக்காரர்கள் சொல்லுவார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதிக் குற்றம்தான் நம்முடையது. மீதிப் பாதி, அந்த மென்பொருளைச் செய்தவர்களுடையது.

சீட்டும் சாமானும்

கல்யாண வீட்டில் சமையல்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அரிசி இத்தனை மூட்டை, துவரம்பருப்பு இத்தனை கிலோ, புளி இவ்வளவு என்று அதில் இருக்கும். சாமான்கள் ஸ்டோர் ரூமில் இருக்கும். அந்தச் சீட்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய், "பந்தி போடலாமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

பாட்டுப் பதிவில் நடப்பது இதுதான்.

நாம் "சேவ்" செய்யும் பைல் இருக்கிறதே, அது பெரும்பாலும் பாட்டு அல்ல. அது சீட்டு! "இந்தக் குரலை இந்த இடத்தில் வெட்டு, வீணையைக் கொஞ்சம் குறை, மிருதங்கத்தை இங்கே சேர்" என்று அதில் எழுதி இருக்கும். உண்மையான குரலும் வீணையும் வேறு ஒரு போல்டரில் கிடக்கும்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? காரணம் இருக்கிறது. சத்தம் இடத்தை அடைக்கும். ஸ்டூடியோக்களில் பழக்கத்தில் உள்ள ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். 24 பிட், நொடிக்கு 48 ஆயிரம் தடவை அளந்து எடுப்பது. அதில் ஒரே ஒரு குரல் ஒரு நிமிஷம் பாடினால் எட்டரை மெகாபைட்டுக்கு மேல் ஆகிறது. நாலு நிமிஷப் பாட்டில் 24 தடங்கள் இருந்தால், சுமார் 830 மெகாபைட்! சீட்டோ மிகச் சிறியது. ஒரே சாமானை வைத்துக்கொண்டு பத்துச் சீட்டு எழுதலாம். ஒன்றில் வேகமான பாட்டு, இன்னொன்றில் மெதுவான பாட்டு. அசல் குரல் அப்படியே இருக்கும், வெட்டுப்படாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரையில் பார்க்கும்போது, அந்தச் சீட்டு ஒரு முழுப் பாட்டைப் போலத் தெரிகிறதே! அதைச் சுட்டினால் பாட்டு கேட்கிறதே! அது வெறும் சீட்டு என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆடாசிட்டியின் கதை

ஆடாசிட்டி என்று ஒரு மென்பொருள். இலவசம். உலகம் முழுவதும் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோஜர் டேனன்பர்க், டொமினிக் மசோனி என்ற இரண்டு பேர் 1999-ல் தொடங்கினார்கள். 2000-ல் வெளியிட்டார்கள்.

அதில் ஒரு பாட்டைச் சேமித்தால் இரண்டு பொருள் உண்டாகும். ஒன்று, ஏ.யு.பி. என்று முடியும் சிறிய பைல். இன்னொன்று, அதே பெயரோடு "டேட்டா" என்று ஒட்டிய போல்டர். போல்டருக்குள் நம் பாட்டு துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு துண்டுக்கு ஏறக்குறைய ஆறு நொடி. நாலு நிமிஷப் பாட்டு என்றால், ஒரு தடத்துக்கு 40 துண்டு! ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர்.

பார்ப்பவர் என்ன நினைப்பார்? "இது என்ன குப்பை?" என்று போல்டரை அழித்துவிடுவார். அல்லது சின்ன பைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போவார். அங்கே போனால் சத்தம் வராது. போல்டரின் பெயரை மாற்றினாலும் போச்சு! சீட்டுக்குத் தன் சாமான் அறை தெரியாமல் போய்விடும்.

"நாங்கள்தான் எச்சரிக்கை போட்டோமே" என்று செய்தவர்கள் சொல்லலாம். போட்டார்கள். "இது பாட்டு அல்ல, பாட்டு வேண்டும் என்றால் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்" என்ற கருத்தில், சேமிக்கும்போது ஒரு கட்டம் வந்து நிற்கும். கூடவே, "இனிமேல் இதைக் காட்டாதே" என்று இன்னொரு சின்னக் கட்டமும் இருக்கும். மனிதர்கள் எதை அழுத்துவார்கள்? சொல்லவும் வேண்டுமா!

கடைசியில் 2021 மார்ச் மாதம், ஆடாசிட்டியின் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் சீட்டையும் சாமானையும் ஒரே பைலுக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து!

முடியாத காரியம் என்றால் அப்போதும் செய்திருக்க முடியாது. முடிந்திருக்கிறது. அதனால்தான் பாதிக் குற்றம் அவர்களுடையது என்கிறேன். (இதிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். பாட்டு திறந்திருக்கும்போது அந்த பைலை நகல் எடுக்கக் கூடாது. கடைசியாகச் செய்த மாற்றங்கள் பக்கத்தில் ஒரு தற்காலிக பைலில் இருக்கும். மூடிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.)

மற்ற மென்பொருள்கள் இன்னும் சீட்டு முறையில்தான் ஓடுகின்றன. ஏபிள்டன் லைவில் "கலெக்ட் ஆல் அண்ட் சேவ்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் சத்தங்களை எல்லாம் ஒரே போல்டருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ரீப்பரில், "சேவ் ஆஸ்" செய்யும்போது அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. டிக் அடிக்க வேண்டும். நல்ல வசதிகள்! ஆனால் தேடிப் போய்த்தான் அழுத்த வேண்டும். கேட்காமலே நடக்க வேண்டிய வேலையை, தெரிந்தவனுக்கு மட்டும் என்று ஏன் மறைத்து வைக்க வேண்டும்?

"ஆடியோ 1"

இனி நம் பங்குக்கு வருவோம்.

டேப் காலத்தில் ஒலிப்பதிவாளர், டேப் வைத்த அட்டைப் பெட்டியின் மேலேயே எழுதுவார். பாட்டின் பெயர், தேதி, டேப் ஓடிய வேகம், எந்தத் தடத்தில் எந்த வாத்தியம், எல்லாம் இருக்கும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அடுத்த நாள் வேலை ஓடாது.

இப்போது எழுதுகிறவர் யார்? புரோ டூல்ஸ் என்ற மென்பொருள் 1991-ல் வந்தது. பெரிய ஸ்டூடியோக்கள் பலவற்றில் இருப்பது அதுதான். அதில் ஒரு தடத்தைத் திறந்தால், அதுவே "ஆடியோ 1" என்று பெயர் வைத்துக்கொள்ளும். அப்படியே பதிவு செய்தால், டிஸ்க்கில் விழும் சத்தத்துக்கும் அந்தப் பெயர்தான். இருபது பாட்டுகளில் இருபது "ஆடியோ 1" இருக்கும். அதில் பாட்டி பாடியது எது, மாடி வீட்டுப் பையன் தாளம் தட்டியது எது?

பாடுவதற்கு முன்பே பெயர் எழுதிவிட்டால், சத்தமும் அந்தப் பெயரோடு பிறக்கும். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி, பிறகு நாள் பார்க்க வேண்டியது இல்லை. பத்து நொடி வேலை!

இன்னொரு வியாதி, "பைனல்". பாட்டு பைனல். பாட்டு பைனல் 2. பாட்டு நிஜ பைனல். பாட்டு நிஜ பைனல் புதுசு. இவற்றில் கடைசி எது என்று, எழுதியவனுக்கே ஒரு மாதத்தில் மறந்துவிடும். தேதியைப் போட்டுவிட்டால் தகராறு இல்லை. ஆனால் வருஷத்தை முதலில் போட வேண்டும். நாம் 09-03-2024 என்று எழுதுகிறோம். கம்ப்யூட்டர் இடது பக்கத்தில் இருந்து பார்க்கும். மார்ச் 9-க்கு அடுத்து ஏப்ரல் 9-ஐ வைக்கும். அதற்குப் பிறகுதான் மார்ச் 10! 2024-03-09 என்று எழுதினால் ஒழுங்காக வரிசையில் நிற்கும்.

இடம் போதவில்லை என்று சுத்தம் செய்யப் புறப்படுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "உபயோகம் இல்லாத சத்தங்களை அழி" என்று சில மென்பொருள்களில் இருக்கிறது. உபயோகம் இல்லை என்பது, திறந்திருக்கும் சீட்டின்படிதான். அதே குரலை நம்பி இன்னொரு சீட்டு இருக்கலாம். இந்தச் சீட்டில் அழித்தால், அந்தச் சீட்டில் மௌனம்!

கைக்குழந்தையால் தப்பிய படம்

"எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறது, பயம் இல்லை" என்று நினைப்பவர்களும் உண்டு. மைஸ்பேஸ் என்ற தளத்தில் உலகம் எங்கும் உள்ள இளம் பாடகர்கள் தங்கள் பாட்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது பழைய பாட்டுகள் தொலைந்துவிட்டன என்று, 2019-ல் செய்தி வந்தது. ஐந்து கோடிப் பாட்டுகள் என்று பத்திரிகைகள் எழுதின. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பைக் கேட்டுத் தாளம் போட முடியுமா?

சினிமாவில் நடந்த ஒரு கதை இதற்கு நேர் எதிர். 1998-ல் பிக்ஸார் கம்பெனியில், "டாய் ஸ்டோரி 2" படத்தின் பைல்கள் ஒரு தவறான கட்டளையால் மளமளவென்று அழிந்தன. நகல் எடுத்து வைத்ததைப் பார்த்தால், அதுவும் சரியாகப் பதிவு ஆகவில்லை! கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி அந்தப் படத்தில் வேலை செய்தவர். கைக்குழந்தைக்காக வீட்டில் இருந்தே வேலை பார்த்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது.

வேறு வீட்டில் ஒரு நகல். சித்தப்பா வீடோ, அக்கா வீடோ. இதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை.

நகல் எடுக்கும்போது சீட்டை மட்டும் நம்பக் கூடாது. மென்பொருள் மாறும், கம்பெனி மூடிப்போகும், பழைய சீட்டைப் படிக்க ஆள் இருக்காது. அதனால் ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியில் இருந்து தொடங்கி, தனித்தனி "வேவ்" பைலாக எக்ஸ்போர்ட் செய்து வைக்க வேண்டும். எந்த மென்பொருளில் வரிசையாக அடுக்கினாலும் பாட்டு தானாகச் சேர்ந்துகொள்ளும். கிராமி விருது கொடுக்கும் ரிகார்டிங் அகாடமியின் தயாரிப்பாளர் பிரிவு, ஸ்டூடியோக்களுக்குச் சொல்லும் யோசனையும் இந்த வழிதான்.

"எம்.பி.3 இருக்கிறதே, போதாதா?" என்று கேட்கலாம். கேட்பதற்குப் போதும். ஆனால் அதில் பாட்டியின் குரலும் தபேலாவும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நாளைக்கு அந்தக் குரல் மட்டும் தனியாக வேண்டும் என்று பேரன் கேட்டால், சுத்தமாகப் பிரித்துத் தர முடியாது. பையன் தன் பாட்டை மறுபடியும் பாடிக்கொள்ளலாம். பாட்டி?

டிஸ்க்கும் சாசுவதம் அல்ல. அமெரிக்காவில் அயர்ன் மவுண்டன் என்று ஒரு கம்பெனி. இசைக் கம்பெனிகளின் டேப்புகளையும் டிஸ்க்குகளையும் பத்திரமாக வைப்பது அதன் தொழில். தன்னிடம் வந்த 1990-களின் ஹார்டு டிஸ்க்குகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் படிக்கவே முடியவில்லை என்று 2024-ல் அது தெரிவித்தது. பெட்டகத்தில் வைத்தவர்கள் கதியே இது!

பொங்கலுக்கு முன்னால் வீட்டை ஒழிப்போம் அல்லவா? பரண் மேல் இருக்கும் பழைய டிஸ்க்கையும் அன்றைக்குக் கீழே இறக்குங்கள். கம்ப்யூட்டரில் சொருகுங்கள். சீட்டைத் திறந்து, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வந்தால், அன்றே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பெட்டி மேல் தேதியை எழுதுங்கள். வராவிட்டால், போகியில் போட்டுவிடாதீர்கள். அந்த டிஸ்க்கிலேயே வேறு ஏதாவது போல்டரில், "ஆடியோ 1" என்ற பெயரில் பாட்டி பாடிக்கொண்டு இருக்கலாம்.