மீன்பிடி ஜிபிஎஸ் கருவிகளில் சேமித்த பாயிண்டுகள் கருவி மாற்றும்போது அழியாமல் காக்க வேண்டி மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், பொருளாளர்,
ஆழ்கடல் விசைப்படகு உரிமையாளர்கள் மற்றும் மீன்பிடித் தொழிலாளர்கள் சங்கம்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
1. உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள், கால்நடை பராமரிப்பு, பால்வளம், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை 600 009.
2. உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: ஒரு நிறுவனத்தின் ஜிபிஎஸ் பிளாட்டரில் உள்ள பாயிண்டுகளை மற்றொரு நிறுவனத்தின் கருவிக்குப் பிழையின்றி மாற்ற ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். சுறாவும் கேரையும் தேடி வாட்ஜ் பேங்க், லட்சத்தீவுக் கடல், அதற்கும் அப்பால் எனப் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள் நாங்கள். எங்கள் முன்னோர் கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர் பார்த்துக் கடலில் இடம் குறித்தார்கள். கரையே கண்ணில் படாத கடலில் எங்களுக்கு இடம் காட்டுவது ஜிபிஎஸ்ஸில் சேமித்த பாயிண்டுகள்தான்.

மீன் கூடும் கடலடி மேடு, வலை கிழிக்கும் பாறை, மூழ்கிய கப்பல், துறைமுக வாயில் என ஒவ்வொரு பாயிண்டும் டீசலும் உழைப்பும் செலவிட்டுச் சேர்த்தது. படகை விற்றாலும் பாயிண்டுகளை விற்காத ஓட்டுநர்கள் எங்களில் உண்டு. ஆனால் உப்புக்காற்றிலும் அதிர்விலும் கருவி பழுதாகி, வேறு நிறுவனத்தின் கருவியை வாங்கும் நாளில் இந்தச் சேமிப்பு முழுவதும் கேள்விக்குறியாகிவிடுகிறது.

காரணம், நிறுவனத்துக்கு நிறுவனம் கோப்பின் வடிவம் வேறு. கார்மினுக்கு ஏடிஎம், லோரன்ஸுக்கு யுஎஸ்ஆர், ரேமரின் பழைய கருவிகளுக்கு எஃப்எஸ்எச் என ஒன்று எழுதியதை மற்றொன்று படிப்பதில்லை. என்எம்இஏ 0183 முறையில் கம்பி இணைத்து அனுப்பினாலும் அட்சரேகை, தீர்க்கரேகை, பெயர் ஆகிய மூன்று மட்டுமே போய்ச் சேரும். நாங்கள் இட்ட அடையாளக் குறியும், எத்தனை பாகம் ஆழம் என்ற குறிப்பும் வழியிலேயே உதிர்ந்துவிடும். மீன் கிடைக்கும் இடமும் வலை சிக்கும் இடமும் புதிய திரையில் ஒரே மாதிரிப் புள்ளிகளாக நின்றால், இரவில் வலை இறக்குபவர் எதை நம்புவார்?

எனவே பலரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறார்கள். பழைய கருவி 07°45.500' என்று காட்டுகிறது. இது 45 நிமிடம் 30 விநாடி. புதிய கருவி விநாடிக் கணக்கில் இருக்கும்போது, புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை விநாடி என்று கருதி 45 நிமிடம் 50 விநாடி என ஏற்றிவிடுகிறார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே இந்த 20 விநாடி வித்தியாசத்தில் படகு 600 மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். கருவியின் டேட்டம் (அட்ச, தீர்க்கரேகைகளைக் கணக்கிடும் அடிப்படை) அமைப்பு டபிள்யூஜிஎஸ் 84-இல் இல்லாவிட்டால் பிழை மேலும் கூடும்.

மீன்பாட்டை இழப்பதோடு இது முடிவதில்லை. ஆபத்து நேரத்தில் விஎச்எஃப் 16-ஆவது சேனலில் நாங்கள் சொல்லும் இடத்துக்குத்தான் கடலோரக் காவல்படை வரும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர்கள் எங்களுடையவை. இடக்கணக்கில் பிழை வந்தால் அதன் விலை என்ன என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. ஜிபிஎக்ஸ் என்ற பொது வடிவம் 2002 முதல் கட்டணமின்றிப் புழக்கத்தில் இருக்கிறது. இன்றைய பிளாட்டர்கள் பல அதை மெமரி கார்டு வழியே ஏற்கின்றன. பழைய வடிவங்கள் பலவற்றை அதற்கு மாற்ற ஜிபிஎஸ்பேபல் போன்ற இலவச மென்பொருளும் உண்டு. மீனவர் கைக்கு எட்டும் இடத்தில் அதைச் செய்து தர ஆள் இல்லை என்பதே குறை. எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

கோரிக்கைகள்

1. அரசு மானியத்தில் அல்லது அரசுக் கொள்முதலில் வழங்கும் ஜிபிஎஸ் கருவி எதுவானாலும், ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றவும் வெளியே எடுக்கவும் வசதி உள்ளதாக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையாக்க வேண்டும்.

2. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் ஆகிய துறைமுகங்களில் பாயிண்ட் மாற்று முகாம் நடத்த வேண்டும். கொச்சியில் தங்கும் எங்கள் படகுகளுக்காக, அங்குள்ள மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் உதவியை மத்திய அரசு வழியே பெற்றுத் தர வேண்டும்.

3. முகாமில் எடுக்கும் நகல் படகு உரிமையாளர், ஓட்டுநர் ஆகியோரிடம் மட்டுமே இருக்க வேண்டும். துறையோ, பழுது பார்ப்பவரோ, வேறு எவருமோ பாயிண்டுகளைச் சேமித்து வைக்கக் கூடாது என எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்க வேண்டும். இது இல்லாமல் எந்த ஓட்டுநரும் கருவியைக் கழற்றித் தரமாட்டார்.

4. 1974, 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி இலங்கையுடனும், 1976 ஒப்பந்தத்தின்படி மாலத்தீவுடனும் உள்ள கடல் எல்லைப் புள்ளிகளை, எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் கோப்பாக அரசே வெளியிட வேண்டும். கைக்குக் கை மாறிவரும் எல்லைக்கோட்டை நம்பிச் சென்று கைதாகும் நிலை ஒழிய வேண்டும்.

5. ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் மத்திய அரசு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தில் பயன்படும் நபமித்ரா செயலியில், ஜிபிஎக்ஸ் கோப்புகளை ஏற்றி இறக்கும் வசதி வேண்டும் என மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும்.

6. எல்லாப் படகுகளும் பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற ஒரே முறையையும், டபிள்யூஜிஎஸ் 84 அமைப்பையும் பின்பற்றத் தமிழில் ஒருபக்க வழிகாட்டி அச்சிட்டு வழங்க வேண்டும்.

இவற்றில் (கொச்சி ஏற்பாடு நீங்கலாக) 2, 3, 6 ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. மாவட்ட அளவிலேயே உத்தரவிட்டு, வரும் தடைக்காலத்திலேயே நிறைவேற்றலாம். முகாமுக்கு வேண்டிய இடம், மின்வசதி ஆகியவற்றையும் பழைய கருவிகளை அறிந்த தொழிலாளர்களையும் தர எங்கள் சங்கம் ஆயத்தமாக உள்ளது. அடுத்த மீனவர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இம்மனுவைப் பொருள்நிரலில் சேர்த்து, எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.



இடம்: தூத்தூர்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர் / பொருளாளர்

நகல்: துணை இயக்குநர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, நாகர்கோவில்.