தலைவனுக்கு யார் மார்க் போடுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபி குடிக்கிற நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

உங்கள் பிள்ளைகள் செல்போனில் கூட்டமாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். “சார் திட்டப் போறார்” என்று ஓடிவிடாதீர்கள். ஆடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த ஆட்டங்களில் யார் நல்ல தலைவன் என்று தீர்மானிக்கிறார்களே, அந்த முறை தப்பு என்று சொல்ல வருகிறேன்.

போன லீவில் தென்காசியில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் நாலு பையன்கள் உட்கார்ந்து பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டிருந்தார்கள். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை நிற்கும் அணி ஜெயிக்கும் ஆட்டம். அணிக்கு நாலு பேர். அதில் ஒருவன் மட்டும் சுடுவதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டே இருந்தான். “அங்க போகாதல, ஜோன் சுருங்குது”, “அவனை முதல்ல தூக்கி விடு, அப்புறம் சுடலாம்” என்று. அவன் சொல்கேட்டு நாலு பேரும் கடைசிக் கட்டம்வரை பிழைத்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவனைத் தூக்கிவிட்டு வேறொருவனைத் தலைவன் ஆக்கினார்கள். ஏன் என்று கேட்டேன். “தாத்தா, அவன் ரெண்டே கில்லுதான். கே.டி. ரொம்பக் கம்மி” என்றார்கள். கே.டி. என்றால் கொன்றதற்கும் செத்ததற்கும் உள்ள விகிதமாம். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று நான் பார்க்கவில்லை. அது முக்கியமும் இல்லை. எந்த எண் திரையில் தெரிகிறதோ அதுவே தகுதி என்று அந்த நாலு பேரும் அன்று படித்துக்கொண்டார்கள். என் கவலை அதுதான்.

குற்றாலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நாற்பது பேர் ஐந்தருவிக்குப் போகிறோம். அருவிக்கடியில் அதிக நேரம் நின்றவன்தான் தலைவன் என்றால் சிரிக்க மாட்டீர்களா? நனையாமல் ஓரமாக நின்று, துணிமூட்டையையும் செருப்பையும் காத்து, தலை எண்ணிக்கொண்டு, தண்ணீர் நிறம் மாறியதும் “எல்லாரும் வெளிய வாங்க” என்று குரல் கொடுக்கிறானே, அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அவன் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது. நாற்பது பேரும் வீடு வந்து சேர்ந்ததுதான் அவன் எடுத்த மார்க்.

இது நம் ஊர்ப் பையன்களின் அறியாமை மட்டும் இல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற ஆட்டத்தில் டென்மார்க் நாட்டின் கேரிகன் என்பவர் பெயர்பெற்ற தலைவர். 2022இல் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த பெரிய போட்டியில் அவர் நடத்திய அணிதான் கோப்பையை வென்றது. ஆனால் தனிநபர் புள்ளிப் பட்டியலைத் திறந்தால் அவர் பெயர் பெரும்பாலும் தன் அணியிலேயே கடைசியில்தான் இருக்கும். திண்ணையில் இருந்த பையன்களிடம் கொடுத்தால் அவரையும் தூக்கிவிடுவார்கள்.

“சரி சார், எண் வேண்டாம். கூட ஆடியவர்களே மார்க் போடட்டும்” என்பீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. ஓவர்வாட்ச் ஆட்டத்தில் 2018இல் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. ஆட்டம் முடிந்ததும் மற்றவர்களைப் பாராட்டலாம். நல்ல கூட்டாளி, விளையாட்டுப் பண்பு உள்ளவர், வழிநடத்தியவர் என்று மூன்று தனித்தனிப் பாராட்டுகள். தலைமை வேறு, நல்ல குணம் வேறு என்று அங்கே பிரித்துப் பார்த்தார்கள். பிறகு 2022இல் ஓவர்வாட்ச் 2 வந்தபோது மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஒரே பொத்தான். அந்தப் பொத்தானால் எதை அளக்க முடியும்? பிடித்தவரா, பிடிக்காதவரா என்பதைத்தான். ஜெயித்த சூட்டில் எல்லாரையும் பிடிக்கும். தோற்ற கையோடு ஒருவரையும் பிடிக்காது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 2012-13இல் நம் மாநிலத்தில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. பாட மார்க்குக்குப் பக்கத்தில் வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, மதிப்புகள் என்று கட்டங்கள் வந்தன. நோக்கம் நல்லதுதான். ஆனால் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிட்டால் அந்தக் கட்டம் யாரைப் பற்றி என்ன சொல்லும்?

இன்னொன்று உங்களுக்கே தெரியும். சார் வெளியே போனதும் லீடர் எழுந்து, பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான். நண்பன் பெயர் வராது. முறைத்தவன் பெயருக்குப் பக்கத்தில் “மி.மி. அதிகம்” என்று வரும். மேலே இருப்பவர் பார்வையில் அவன் நல்ல லீடர். பெஞ்சில் இருந்தவர்களைக் கேட்டிருந்தால்தானே உண்மை தெரியும்?

அப்படியானால் தலைமையை அளக்கவே முடியாதா? முடியும். ஆட்டக்காரர்களே வழி காட்டியிருக்கிறார்கள். 1999இல் வந்த எவர்குவெஸ்ட் ஆட்டத்திலும், பிறகு நாற்பது பேர் சேர்ந்து ஒரு அரக்கனை வீழ்த்தும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட் ஆட்டத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. கிடைக்கும் பொருளோ ஒன்றிரண்டு, உழைத்தவர்களோ நாற்பது பேர். யாருக்குக் கொடுப்பது? ஆட்டக்காரர்கள் தாங்களே ஒரு பேரேடு ஏற்படுத்திக்கொண்டார்கள். வந்தவர், உழைத்தவர், முன்பே பெற்றவர் எல்லாம் அதில் எழுதப்பட்டது. எல்லாரும் பார்க்கலாம். அந்தக் கணக்கு சுத்தமாக இருக்கும்வரை தலைவனுக்கு மரியாதை. இல்லாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

இது நம் ஊர்க் கொடைதானே! வீட்டுக்கு இவ்வளவு வரி என்று வாங்கிக் கொடை முடிந்தபிறகு கணக்கு வாசிக்கிறோம். வில்லுப்பாட்டு நன்றாக இருந்ததா, வாணவேடிக்கை பிரமாதமா என்பதெல்லாம் அன்று ராத்திரிப் பேச்சு. நிர்வாகத்தில் இருப்பவர் தலைவரா இல்லையா என்பது கணக்கு வாசிக்கும் அன்றுதான் தெரியும்.

ஈவ் ஆன்லைன் ஆட்டத்தில் 2014 ஜனவரியில் ஒரு பெரும்போர் நடந்தது. ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்று 21 மணி நேரம் நீடித்தது. எதனால் தொடங்கியது தெரியுமா? ஓர் இடத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போனதால்! ஒவ்வொரு முறையும் அதைக் கட்டியவரை ஒரு பட்டியலும் போற்றியிருக்காது. கட்டாமல் போன ஒரு நாளில் ஊரே பற்றி எரிந்தது.

“விளையாட்டில் தலைவனாக இருந்தவனுக்கு வேலை கொடுக்கலாமாமே” என்று ஒரு மாணவர் கேட்டார். 2008 மே மாத ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வாளர்கள் சொன்னதை முழுதாகப் பார்க்க வேண்டும். அங்கே தலைமை ஒருவரிடமே நிலைப்பதில்லை, வேலைக்கு ஏற்பக் கைமாறுகிறது என்றார்கள். சரியான ஆளைத் தேடுவதைப் போலவே சரியான சூழலை அமைப்பதும் முக்கியமாக இருக்கலாம் என்றார்கள். தரவரிசையைப் பார்த்து ஆள் எடுக்கச் சொல்லவில்லை.

இதெல்லாம் விளையாட்டு விஷயம்தானே என்று ஒதுக்கவும் முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக அங்கீகரித்திருக்கிறது. நாளைக்கு இதற்கும் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் வரும். அப்போது திண்ணையில் ஓரங்கட்டப்பட்டவனைப் போன்ற பையன்கள் முதல் சுற்றிலேயே வெளியே நிற்பார்கள்.

ஆகவே தலைமைக்கு மார்க் போட நினைப்பவர்கள், கம்பெனி நடத்துபவர்களானாலும் சரி, கில்ட் நடத்தும் பேரப்பிள்ளைகளானாலும் சரி, மூன்று விஷயம் பாருங்கள். தோற்ற மறுநாள் எத்தனை பேர் அவனோடு திரும்ப ஆட வந்தார்கள்? கூட்டத்திலேயே சுமாராக ஆடுபவன் ஒரு மாதத்தில் தேறினானா, துரத்தப்பட்டானா? தலைவன் வராத அன்று மற்றவர்கள் தாங்களாக ஆடினார்களா? இதை நடத்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஜெயித்த நிமிடத்தில் கேட்காதீர்கள், நாலு நாள் கழித்துக் கேளுங்கள். நண்பனுக்கு நண்பன் மார்க் போட மாட்டானா என்றால் போடுவான்தான். ஆனால் திரும்ப வந்தவர் எண்ணிக்கையை நட்புக்காக மாற்ற முடியாது.

பெற்றோர்களாக இருக்கும் என் மாணவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளை ஆடி முடித்ததும் “எத்தனை கில்லுடா?” என்று கேட்கிறீர்கள். ஆசையாகத்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். இனிமேல் “இன்னைக்கு யாரைத் தூக்கிவிட்டே?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் முழிப்பான். ஒரு வாரம் கேளுங்கள், பதில் வைத்திருப்பான்.